இசேயில் கண்ட திருக்கோயில்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

நாட்டியமும் நாடகமும் தொடங்குவதற்கு முன் சிறிது நேரம் பேசுமாறு நம் செயலாளர் என்னைப் பணித்தார். வேடம் புனைந்த பிள்ளைகள் திரைக்குப் பின்னே காத்திருக்கிறார்கள் என்பதை அறிவேன். ஆதலின் அளவோடு பேச முயல்வேன். முப்பத்தாறு ஆண்டுக்காலம் ரயில்வேயில் பாலங்களைப் பேணும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். அப்படிப்பட்டவன் ஜப்பான் சென்று வந்தால் அந்நாட்டு அதிவேக ரயிலைப் பற்றித்தானே பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்க்கக் கூடும். அந்த ரயிலில் ஏறினேன், வியந்தேன், இறங்கினேன். ஆயினும் ஊர் திரும்பிய பின் என் நெஞ்சை விட்டு நீங்காது நின்றது அந்த ரயில் அன்று. இரும்பும் சிமெண்டும் இன்றி, மரத்தாலும் புல்லாலும் மட்டுமே எழுப்பப்பட்ட ஒரு கோயிலே என் உள்ளத்தில் நின்றது. அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அதனைச் சொல்லும்போது என் குடும்பக் கதையையும் சிறிது சொல்ல நேரும். இங்குள்ளோர் அனைவரும் ஒரே காலனியில் ஒருவரையொருவர் அறிந்து வாழ்பவர்கள். ஆகவே கூச்சமின்றிச் சொல்கிறேன்.

என் மகன் நகோயா நகரில் பணிபுரிகிறான். 2025 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அவன் இல்லத்தில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். ஒரு விடுமுறை நாளில் மகனும் மருமகளும் எட்டு வயதுப் பேத்தியும் நானுமாக இசே நகருக்குப் புறப்பட்டோம். நகோயாவிலிருந்து தெற்கே ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். மியே மாகாணத்தில், மலைகள் கடலை நோக்கி இறங்கும் இடத்தில் அமைந்துள்ளது இசே. ஜப்பானியரின் தொல்சமயமாகிய ஷிந்தோவில் இதனினும் உயர்ந்த தலம் வேறொன்றில்லை.

ஷிந்தோ என்ற சொல்லுக்குத் தெய்வ நெறி என்பது பொருள். அச்சமயத்தை நிறுவியவர் என ஒருவரும் இல்லை. அதற்கென்று ஒரே மறைநூலும் இல்லை. மலையிலும் ஆற்றிலும் முதுமரத்திலும் பாறையிலும் உறையும் தெய்வத்தை அவர்கள் கமி என்று போற்றுகிறார்கள். ஆலமரத்தடியிலும் வேப்பமரத்தடியிலும் தெய்வத்தைக் கண்டு கும்பிட்டு வளர்ந்த நமக்கு இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

இசேத் திருக்கோயில் என்பது ஒரே கோயில் அன்று. சிறியதும் பெரியதுமாக 125 ஆலயங்கள் சேர்ந்த தொகுதி அது. அவற்றுள் தலையாயவை இரண்டு. நைக்கூ எனப்படும் உள் திருக்கோயிலில் கதிரவன் வடிவான அமத்தெராசு என்னும் பெண் தெய்வமும், கெக்கூ எனப்படும் வெளித் திருக்கோயிலில் உணவுக்குத் தலைவியாகிய தொயோஊகே என்னும் தெய்வமும் எழுந்தருளியிருக்கின்றனர். இரண்டுக்கும் இடையே சுமார் ஐந்து கிலோமீட்டர். முதலில் வெளித் திருக்கோயிலையும் அதன் பின்னரே உள் திருக்கோயிலையும் வழிபடுவது அங்குள்ள மரபு. நாங்களும் அம்மரபின்படியே நடந்தோம்.

வெளித் திருக்கோயிலின் தோரண வாயிலைக் கடந்ததும் வெயில் மறைந்துவிட்டது. வானளாவிய மரங்கள், கீழே சரளைக் கற்கள் பரப்பிய அகன்ற பாதை. அங்கே மணியோசை இல்லை; மேளம் இல்லை; கடை இல்லை. நூற்றுக்கணக்கானோர் நடந்து செல்கின்றனர். கேட்பதோ கற்களின் மேல் பதியும் காலடி ஓசை ஒன்றே. நம் கோயில்களின் ஆரவாரத்தில் அருளைக் கண்டு பழகிய எனக்கு அந்த அமைதி முதலில் விளங்கவில்லை. சிறிது தொலைவு நடந்த பின்னர் விளங்கலாயிற்று.

இத்தெய்வத்தின் கடமை யாது தெரியுமா? கதிரவத் தெய்வத்துக்கு அமுது படைப்பதற்கென்றே தொயோஊகே இங்கு அழைக்கப்பட்டாள் என்பது தலவரலாறு. ஆதலால் நாள்தோறும் காலையும் மாலையும் இங்கே திருவமுது படைக்கப்படுகிறது. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளாக ஒரு நாளும் தவறாமல் இது நடந்து வருவதாகக் கோயிலார் கூறுகின்றனர். அமுது சமைக்கத் தீக்குச்சி கிழிப்பதில்லை. நம் வேள்விச் சாலையில் அரணிக்கட்டை கடைவது போலக் கட்டையைக் கடைந்தே நெருப்பு உண்டாக்குகின்றனர். தண்ணீர் கோயில் கிணற்றுத் தண்ணீர். அரிசி கோயிலுக்குரிய கழனியில் விளைந்தது. உப்பு கோயிலின் உப்பளத்தில் எடுத்தது. படைக்கும் மண்கலங்களை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்துவதில்லை. உடைத்து மண்ணுக்கே திருப்பிவிடுகின்றனர். சமையலறையைப் பெண்டிர் பாடு என்று எளிதாகக் கருதுவோர் அங்கே சென்று பார்க்க வேண்டும். ஒரு நாட்டின் முதற்பெருங் கோயிலின் நாள் வழிபாடு அடுப்பு மூட்டுவதிலேயே தொடங்குகிறது.

இனித் திருக்கோயிலைக் காண்போம். காணலாம் என்றேனே தவிர, முழுதும் காண இயலாது. நான்கு வேலிகள் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. பொதுமக்கள் வாயிலில் தொங்கும் வெண்பட்டுத் திரைக்கு முன் நின்று வழிபடலாம்; அதற்கு அப்பால் செல்லலாகாது. வேலிக்கு மேலே கூரை மட்டும் தெரிகிறது. கூரைப் புல் தடித்து அடர்ந்திருக்கிறது. முகட்டின் மேல் உருளைக் கட்டைகள் வரிசையாகக் கிடக்கின்றன. இரு முனையிலும் இரண்டு மரங்கள் வானை நோக்கிக் கத்தரிபோல் குறுக்கிட்டு நிற்கின்றன. வண்ணம் பூசவில்லை. பழங்காலத்து நெற்களஞ்சியத்தின் வடிவே இக்கோயிலின் வடிவாயிற்று என்பர். நெல்லை வைத்த இடத்தையே தெய்வத்தின் இல்லமாகக் கொண்ட மக்கள் அவர்கள்.

கோயிலுக்கு அருகிலேயே அதே அளவில் மற்றொரு மனை கிடந்தது. கட்டடம் ஒன்றும் இல்லை. கல் பரப்பிய வெற்று நிலம். நடுவே, காவற்குடில் போன்று மிகச் சிறிய மரக்குடில் ஒன்று. பேத்தி அதனைக் கண்டு, "தாத்தா, இங்கே இருந்த கோயில் எங்கே போயிற்று?" என்று வினவினாள்.

அந்த வினாவில்தான் இசேயின் வரலாறு முழுதும் அடங்கியுள்ளது. இருபது ஆண்டுக்கு ஒரு முறை இக்கோயிலை அடியோடு புதிதாகக் கட்டுகிறார்கள். அருகருகே இரண்டு மனைகள் உள்ளன. ஒன்றில் கோயில் நிற்கும்போது மற்றொன்று காத்திருக்கும். காலம் வந்ததும் வெற்று மனையில் பழைய வடிவிலேயே புதுக்கோயில் எழுகிறது. பின்னர் ஓர் இரவில் விளக்குகளை அணைத்து, சேவல் கூவுவது போன்று மும்முறை குரல் எழுப்பி, வெண்பட்டுத் திரையால் மறைத்துத் தெய்வத்தைப் புதிய இல்லத்துக்கு எழுந்தருளச் செய்கின்றனர். அதன் பிறகு பழைய கோயில் பிரிக்கப்படுகிறது. நம் திருப்பணிகளில் தெய்வத்தைப் பாலாலயத்தில் வைத்துக் கோயிலைப் புதுப்பிக்கிறோம். அவர்கள் கோயிலையே மாற்றித் தெய்வத்தைக் குடியேற்றுகிறார்கள். 690 ஆம் ஆண்டில் ஜித்தோ என்னும் பேரரசியின் காலத்தில் உள் திருக்கோயிலில் முதன்முறை நடந்த இத்திருப்பணி, 2013 ஆம் ஆண்டு அக்டோபரில் 62 ஆம் முறையாக நடந்தது. அடுத்தது 2033 இல். அதற்கான மரம் வெட்டும் சடங்குகள் 2025 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டன.

கட்டடம் மட்டுமா? திருவாடைகள், வாள், வில், கண்ணாடி, தறி முதலாக 714 வகையில் 1,576 பொருள்களைக் கைவினைஞர்கள் மீண்டும் புதிதாகச் செய்து வைக்கிறார்கள். 2013 ஆம் ஆண்டுத் திருப்பணிக்கு ஆன செலவு ஐயாயிரம் கோடி யென்னுக்கு மேல்.

இதனைக் கேட்டதும் என்னுள் இருந்த பொறியாளன் விழித்துக்கொண்டான். மரத்தூணைக் கடைக்கால் கல்லின்றி நேரே ஈரமண்ணில் நட்டால் அடி மரம் இற்றுப்போகாதா? போகும். புல் வேய்ந்த கூரை எத்தனை மழையைத் தாங்கும்? சில காலமே தாங்கும். நெடுங்காலம் நிற்கும்படி கட்ட அவர்களுக்குத் தெரியாதோ என்று எண்ணினேன். தெரியும் என்பதற்கு நாராவுக்கு அருகில் உள்ள ஹோர்யூஜி என்னும் பௌத்த ஆலயமே சான்று. இன்று உலகில் நிற்கும் மரக் கட்டடங்களுள் மிகப் பழமையானவை அங்கேதான் உள்ளன. அவற்றின் தூண்கள் கல்லின் மேல் நிற்கின்றன, கூரை ஓட்டுக்கூரை. அவை எழுந்த காலமும் இசேயின் முதல் திருப்பணி நடந்த காலமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஆயிரம் ஆண்டு நிற்கக் கட்டும் வழியைக் கையில் வைத்துக்கொண்டே, இருபது ஆண்டில் அழியும் வழியை இசேக்காரர்கள் தெரிந்தெடுத்தனர்.

ஏன் இருபது ஆண்டு? பழைய நூல்கள் காரணம் கூறவில்லை. புல்லும் மரமும் தாங்கும் காலம் அது என்பர் சிலர். தச்சர்களின் வாழ்நாளைக் கணக்கிட்டுச் சொல்வர் வேறு சிலர். இருபது வயதில் ஒரு திருப்பணியில் எடுபிடியாக நின்று கற்றவன், நாற்பது வயதில் தன் கையால் செய்கிறான். அறுபது வயதில் அருகிருந்து கற்பிக்கிறான். இதனை முப்பது ஆண்டாக நீட்டினால் கற்றவன் செய்யும்போது கற்பித்தவன் இருக்கமாட்டான். வரைபடமும் அளவுக் குறிப்பும் அவர்களிடமும் உண்டு. ஆனால் உளியை எந்தச் சாய்வில் பிடிப்பது, மரத்தின் எந்தப் பக்கத்தை வெயிலுக்குத் திருப்புவது என்பன ஏட்டில் இருப்பதில்லை. ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கே அவை செல்லும்.

இராசராசன் தஞ்சையில் எடுத்த பெருங்கோயில் 1010 ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அது கல்லை நம்பிக் கட்டப்பட்டது. கல்லும் அவன் நம்பிக்கையைக் காத்தது. இசேயிலுள்ள கோயிலோ கல்லை நம்பவில்லை. அடுத்து வரும் மக்களை நம்புகிறது. இரண்டில் எது உயர்ந்தது என்று வழக்காட நான் வரவில்லை. ஆயினும் மக்களை நம்புவது கல்லை நம்புவதினும் அச்சம் மிகுந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். ஒரு தலைமுறை சோம்பினால் கோயில் இல்லை.

அந்த நம்பிக்கை எத்துணைத் தொலைநோக்கு உடையது என்பதற்கு ஒன்று கூறுவேன். ஒவ்வொரு திருப்பணிக்கும் ஹினோக்கி என்னும் ஊசியிலை மரங்கள் பதினாயிரம் வரை வேண்டும். முற்காலத்தில் கோயிலைச் சூழ்ந்த மலைகளிலேயே அவை கிடைத்தன. அம்மலைகள் வறண்டபின் தொலைவிலுள்ள கிசோ மலைகளிலிருந்து கொணர்ந்தனர். 1923 ஆம் ஆண்டில் கோயிலார் ஒரு திட்டம் வகுத்துத் தம் காட்டிலேயே மரக்கன்றுகளை நடத் தொடங்கினர். அது இருநூறு ஆண்டுத் திட்டம்! பெருந்தூணுக்கு ஆகும் மரம் அத்தனைக் காலம் வளர வேண்டும். நட்டவன் காணான், அவன் மகனும் காணான், பேரனும் காணான். எனினும் நட்டார்கள். இடையிடையே களைந்த இளமரங்கள் பயன்படத் தொடங்கி, 2013 ஆம் ஆண்டுத் திருப்பணியில், ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்குப் பின், கோயிற்காட்டு மரமும் ஒரு பகுதி இடம்பெற்றது.

வெட்டிய மரங்களை ஊர் மக்கள் வடம் பிடித்து இழுத்து வருகிறார்கள். சிறுவரும் முதியவரும் வடத்தைப் பற்றிப் பாடிக்கொண்டு தெருவழியே இழுக்கும் அந்தக் காட்சியைப் படத்தில் பார்த்தபோது, எனக்குத் திருவாரூர்த் தேர் நினைவுக்கு வந்தது. கோயில் கட்டி முடிந்ததும் தெய்வம் எழுந்தருளுவதற்கு முன், அதே மக்கள் ஆற்று வெண்கற்களைத் துணியில் ஏந்திச் சென்று புது மனையில் இடுகின்றனர். வேலிக்குள்ளே பொதுமக்கள் நுழைவது அப்போது மட்டுமே.

வெளித் திருக்கோயிலிலிருந்து பேருந்தில் ஏறி உள் திருக்கோயிலை அடைந்தோம். அதன் முன்னே இசுசு என்னும் தெளிந்த ஆறு ஓடுகிறது. ஆற்றைக் கடக்க உஜி பாலம். பாலம் என்றதும் என் கால்கள் தாமே நின்றுவிட்டன. நூறு மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமுள்ள மரப்பாலம். மேல்தளத்தின் பலகைகள் நீர் கசியாதபடி கப்பல் தச்சர்களின் முறையில் இணைக்கப்பட்டுள்ளன. வெள்ளத்தில் மிதந்து வரும் மரங்கள் பாலத்தின் கால்களில் மோதாதிருக்க, மேல்புறத்து ஆற்றில் தனியே முளைகளை நட்டிருக்கிறார்கள். வெள்ளக் காலங்களில் தூண்களைக் காக்க இரவெல்லாம் விழித்திருந்த எனக்கு, அந்த முளைகள் பழைய தோழர்களைப் போலத் தோன்றின. இப்பாலத்தையும் இருபது ஆண்டுக்கு ஒரு முறை புதிதாகக் கட்டுகிறார்கள்.

பாலத்தின் இரு முனையிலும் தோரண வாயில்கள் நிற்கின்றன. அவை பிரிக்கப்பட்ட பழைய கோயில்களின் முகட்டைத் தாங்கிய பெருந்தூண்களைக் கொண்டு செய்தவை. கோயில் தூணாக இருபது ஆண்டு, பாலத்து வாயிலாக இருபது ஆண்டு. அதன் பின்னும் அம்மரத்துக்கு ஓய்வில்லை. இசேக்குச் செல்லும் பழைய பெருவழிகளில் உள்ள தோரண வாயில்களாக மேலும் இருபது ஆண்டு நிற்கும். அறுபது ஆண்டு உழைக்கும் மரம் அது! அறுபதாங் கலியாணம் முடிந்ததும் ஓய்வு என்று எண்ணியிருக்கும் என்னைப் போன்றோர் சற்று நாணத்தான் வேண்டும்.

இக்கோயிலின் வரலாற்றில் நிழலும் உண்டு. அதனையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மெய்ஜி காலம் தொட்டு 1945 வரையில் ஷிந்தோ நெறி அரசின் கருவியாக்கப்பட்டது. பேரரசர் கதிரவத் தெய்வத்தின் வழிவந்தவர் என்னும் நம்பிக்கை போர்வெறிக்கும் துணை செய்தது. போரில் தோற்றபின் 1945 டிசம்பரில் அரசுக்கும் ஷிந்தோவுக்கும் இருந்த பிணைப்பு ஆணையால் அறுக்கப்பட்டது. 1949 இல் நடக்க வேண்டிய திருப்பணிக்கு அரசுப் பணம் இல்லை. நாடெங்கும் வறுமை. திருப்பணி தள்ளிவைக்கப்பட்டது. ஆயினும் பாலத்தையாவது கட்டிவிடுவோம் என்று 1949 இல் பாலத்தைக் கட்டினர். பின்னர் மக்கள் தந்த பொருளைக் கொண்டு 1953 இல் திருப்பணி நிறைவேறியது. அதனால்தான் இன்றளவும் பாலம் கோயிலுக்கு நான்கு ஆண்டு முன்னதாகவே புதிதாகிறது. அரசன் கட்டிய கோயிலாக இருந்தது, அன்று முதல் மக்கள் கட்டும் கோயிலாயிற்று.

மக்களுக்கு அத்தலத்தின்மேல் பற்று புதிதன்று. 1830 ஆம் ஆண்டில் சில திங்களுக்குள் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் இசேக்கு நடந்தே வந்தனர். அன்றைய ஜப்பானின் மக்கட்டொகையோ மூன்று கோடி அளவினது. கையில் ஓர் அகப்பையை ஏந்திப் புறப்பட்டால் போதும், வழியிலுள்ளோர் சோறிடுவார்கள். நடக்க இயலாத முதியோர் தம் நாயைத் தமக்காக அனுப்பியதும் உண்டாம். கழுத்தில் காசு முடிப்போடு அது செல்லும். வழிப்போக்கர் உணவிட்டு அதனை வழிநடத்துவார்கள். இதனைக் கேட்ட என் பேத்தி, வழியில் கண்ட நாய்களையெல்லாம் நின்று வணங்கிக்கொண்டே வந்தாள்.

இசுசு ஆற்றங்கரையில் கைகளை நனைத்துத் தூய்மை செய்துகொண்டு, கல் படிகளில் ஏறித் திருமுன்னர் நின்றோம். இருமுறை தலை தாழ்த்தி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை தலை தாழ்த்துவதே அங்கு வழிபாடு. அந்தத் திருமுன்னில் தனக்கென ஒன்றையும் வேண்டாமல் நன்றி மட்டும் சொல்வது நல்ல வழக்கமாம். காற்று வீசியபோது வெண்திரை சற்றே உயர்ந்து தாழ்ந்தது. கற்பூர ஒளியில் கருவறையைக் கணநேரம் காண்பது போல், உள்ளே வெண்கற்கள் பரந்த முற்றம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

திரும்பும்போது பேத்தி தன் இரண்டாம் வினாவைத் தொடுத்தாள். "தாத்தா, இது பழைய கோயிலா, புதிய கோயிலா?"

மரத்துக்கு வயது பன்னிரண்டு. வடிவுக்கு வயது ஆயிரத்து முந்நூறு. எனக்கு விடை வரவில்லை. "பசி தீர்ந்த பின் சொல்கிறேன்" என்றேன்.

கோயில் எல்லைக்கு வெளியே ஆற்றங்கரையில் அமர்ந்தோம். மருமகள் கட்டி வந்த புளியோதரையை எடுத்து வைத்தாள். ஒரு வாய் உண்டதும் எனக்குப் பேச்சு எழவில்லை. அது என் துணைவியாரின் கைச்சுவை.

நிற்க. இங்கே என் குற்றம் ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். என் மகன் பள்ளியில் படித்த காலத்தில் இச்சங்கத்தின் செயற்குழுவில் நான் இருந்தேன். ஆண்டு விழா மேடைகளில் தமிழின் பெருமையை மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன், மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதே ஆண்டுகளில் ஞாயிறுதோறும் நடந்த தமிழ் வகுப்புக்கு என் மகனை நான் அனுப்பவில்லை. அந்த நேரத்தில் கணக்குத் தனிப்பாடம் இருந்தது. "தமிழ் எங்கே போய்விடப் போகிறது? வீட்டில் பேசுகிறோமே!" என்று என் துணைவியாரிடம் வாதாடி வென்றேன். அவன் தமிழ் பேசுவான். ஓர் எழுத்தும் படிக்கமாட்டான்.

2019 இல் என் துணைவியார் மறைந்தார். அவர் நாற்பது ஆண்டுக்காலம் எழுதி வைத்த சமையற் குறிப்பேடு ஒன்று இருந்தது. அதனை மகனிடம் கொடுத்தேன். அவன் பக்கம் பக்கமாகப் புரட்டினான். தன் தாயின் கையெழுத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு, "அப்பா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டான். கணக்கில் அவன் வாங்கிய மதிப்பெண்கள் அத்தனையும் அந்த ஒரு கேள்வியில் கரைந்துபோயின.

அக்குறிப்பேட்டைப் படித்தவள் என் மருமகள். அவள் மராத்தியப் பெண். நகோயாவில் ஒரு குளிர்காலத்து மாலைகளில் முதல் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை வைத்துக்கொண்டு தானே எழுத்துக் கற்றாள். ஐயம் வந்தால் தொலைபேசியில் என்னைக் கேட்பாள். "ஒரே எழுத்தைக் கடலை என்பதில் ஒருவிதமாகவும் தங்கம் என்பதில் வேறுவிதமாகவும் ஒலிக்கிறீர்களே, எப்படித் தெரிந்துகொள்வது?" என்பாள். "பழகினால் வரும் அம்மா" என்பேன். "புளி எலுமிச்சங்காய் அளவு என்று எழுதியிருக்கிறார்களே, உங்கள் ஊர் எலுமிச்சங்காய் எத்தனை பெரிது அப்பா?" என்று ஒருநாள் கேட்டாள். அதற்கு என்னால் விடை கூற இயலவில்லை. அது ஏட்டில் இல்லை. என் துணைவியாரின் கையில் இருந்தது.

இசேயைப் பற்றி ஒன்றை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். அங்கே திருப்பணி இடையறாது நடந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். அவ்வாறன்று. உள்நாட்டுப் போர்கள் மலிந்த 15, 16 ஆம் நூற்றாண்டுகளில், நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக அது நின்றுபோயிற்று. உள் திருக்கோயிலில் 1462 இல் நடந்தது, அடுத்து 1585 இல்தான் நடந்தது. கற்றவர், செய்தவர், கற்பித்தவர் ஆகிய மூவரும் மறைந்து, அவர்கள் பேரன்மாரும் மறைந்துவிட்ட காலம். கோயில் கூரை இற்று விழுந்தது. அதனை மீட்டவர் யார்? அரசரா? பூசாரிகளா? கெய்கோஇன் என்னும் மடத்தைச் சேர்ந்த பெண் துறவியர். அவர்கள் ஷிந்தோ நெறியினர்கூட அல்லர், பௌத்தத் துறவியர். செய்ஜுன் என்னும் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பொருள் திரட்டி, 1563 இல் வெளித் திருக்கோயிலைப் புதுக்கச் செய்தார். அவர் வழிவந்த ஷூயோ என்னும் அம்மையாரின் முயற்சியால் 1585 இல் இரு கோயில்களும் புதுப்பொலிவு பெற்றன. அத்தனை நீண்ட இடைவெளிக்குப் பின் கட்டியதால் கட்டட நுணுக்கங்கள் சில மாறின என்று ஆய்வாளர் கூறுகின்றனர். மாறியிருக்கலாம். ஆயினும் அது இசேயாகவே நின்றது. இன்று நாம் வணங்குவது அந்த அம்மையார்கள் மீட்டுத் தந்த கோயிலைத்தான்.

ஆற்றங்கரையில் புளியோதரையை உண்டபோது இவையெல்லாம் நெஞ்சில் ஒன்றாகத் திரண்டன. அதே சுவை என்றேனே. உண்மையைச் சொன்னால், அதில் வெல்லம் சிறிது கூடியிருந்தது. மராத்திய அடுக்களையின் கைப்பழக்கம் அது. என் துணைவியார் அவ்வளவு இடமாட்டார். நான் உற்று நோக்குவதைக் கண்டு மருமகள், "அம்மா செய்வது போல் வரவில்லையா, அப்பா?" என்று தயங்கிக் கேட்டாள். "வந்துவிட்டதம்மா" என்றேன். பின்னர்ப் பேத்தியை அருகில் அழைத்து, "இந்தப் புளியோதரை பழையதா, புதியதா, சொல்" என்றேன். அவள் என்னை வியப்போடு பார்த்து, "இன்று காலையில் செய்தது தாத்தா, ஆனால் பாட்டியுடையது" என்றாள். அவள் வினாவுக்கு அதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

அன்பர்களே! நம் காலனியில் தமிழ்க் குடும்பங்கள் மூன்றாம் தலைமுறையை அடைந்துவிட்டன. கட்டடங்களையும் மண்டபங்களையும் பற்றிச் சங்கத்தில் நிரம்பப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் ஞாயிறு தமிழ் வகுப்பில் இப்போது வருவோர் ஐந்து பிள்ளைகள் என்பதை அறிந்தேன். "காலம் கடந்துவிட்டது, இனி என்ன செய்வது?" என்று பெற்றோர் சிலர் கூறக் கேட்டேன். நூற்றிருபது ஆண்டு அறுந்ததை இருவர் முயன்று முடிந்திருக்கிறார்கள். நம்மில் அறுந்திருப்பதோ ஒரு தலைமுறை, அதுவும் பாதி.

ஆகவே இம்மேடையில் எவருக்கும் அறிவுரை கூற நான் முற்படவில்லை. அதற்குரிய தகுதியை இழந்தவன். இரண்டு செய்திகளை மட்டும் அறிவிக்கிறேன். வருகிற ஞாயிறு முதல் அவ்வகுப்பில் எழுத்துக் கற்பிக்கும் பணியை ஏற்றுக்கொள்ள ஆசிரியரின் இசைவைப் பெற்றுள்ளேன். பிள்ளைகளோடு பெற்றோரும் வரலாம். மருமகள்களும் மருமகன்களும், அவர்கள் தாய்மொழி எதுவாயினும், வரலாம். அடுத்து, இங்குள்ள பாட்டிமார்களை ஒன்று வேண்டுகிறேன். உங்கள் கைப்பக்குவத்தைத் தமிழில் எழுதி வையுங்கள். எழுதியதோடு நில்லாது, பேரப்பிள்ளையை அடுப்பருகே நிறுத்தி, எலுமிச்சங்காய் அளவு எவ்வளவு என்று கையில் உருட்டிக் காட்டுங்கள்.

2033 ஆம் ஆண்டில் இசேயில் 63 ஆம் முறையாகத் தெய்வம் புது இல்லம் புகும். அப்போது என் பேத்திக்குப் பதினாறு வயது. நான் இருப்பேனோ, இல்லையோ! அவள் தன் பாட்டியின் குறிப்பேட்டைத் தானே எடுத்துப் படித்துக்கொண்டிருந்தால் எனக்கு அது போதும். இப்போது மெய்யெழுத்து வரையில் வந்திருக்கிறாள்.